அவையில் படிக்கத் தகும் அச்சக் கதைகள்

கானாடுகாத்தான் வீடுகள் ஒரு தெருவில் முகப்பைக் காட்டி, வளவையும் இரண்டாங்கட்டையும் கடந்து, மறு தெருவில் போய் முடிவன. வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம்; நாற்புறமும் பர்மாத் தேக்கின் தூண்கள். அங்கே ஒருவர் குரலெடுத்துப் படித்தால் நூறு பேர் கேட்கலாம். புரட்டாசி மாதத்தில் இராமாயணம் படிக்கும் வழக்கம் நகரத்தார் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாதவரும் உடனிருந்து கேட்பது இந்நாட்டின் பழைய கல்விமுறை. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் அல்லி அரசாணி மாலையும் தமிழகத்தின் ஊர்தோறும் பரவியது இவ்வாறேயாகும். அச்சிட்டது சென்னை, வாயால் வளர்த்தது திண்ணை.

அத்தகைய அவையில், ஓர் அறப்பணிக்குப் பொருள் திரட்டும் பொருட்டு, அச்சந்தரும் கதைகளைப் படிப்பதென்றால் எவற்றைத் தேர்வது? வேடிக்கையான வினாவாகத் தோன்றினும் இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1853-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பர்மிங்காம் நகர மண்டபத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் தம் ‘கிறிஸ்துமஸ் கீதம்’ என்னும் பேய்க்கதையைப் படித்தார். அந்நகரில் அமையவிருந்த கல்விக் கழகத்திற்கு நிதி சேர்ப்பதே நோக்கம். மூன்று நாள் கழித்து அதனையே மீண்டும் படித்தார். அம்முறை தொழிலாளர் வந்து கேட்க வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. அவர்கட்கு நுழைவுக் கட்டணம் ஆறு பென்சு. பின்னர் 1858 ஏப்ரலில், இலண்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நிதிக்காகவும் இதே கதையைப் படித்தார். ஈயாத செல்வன் ஒருவனை நள்ளிரவில் ஆவிகள் வந்து உலுக்கி ஈகையாளனாக்கும் கதை அது. கேட்டவர் பையைத் திறக்கச் செய்வதற்கு அதனினும் ஏற்ற கதையை அவர் எங்கே தேடுவது?

ஆனால் அவரே பிற்காலத்தில் தேர்வில் தடுமாறினார் எனல் வேண்டும். 1868 நவம்பரில், ‘ஆலிவர் டுவிஸ்ட்’ புதினத்தில் நான்சி என்னும் பெண் அடித்துக் கொல்லப்படும் பகுதியை, அழைக்கப்பட்ட சிலர் முன் படித்துக் காட்டிக் கருத்துக் கேட்டார். கூட்டத்தில் ஒரு பெண் கூவிவிட்டால் அரங்கு முழுதும் அலறும் என்று மருத்துவர் ஒருவர் எச்சரித்தார். நாடக நடிகை ஒருவரோ, மக்கள் ஐம்பது ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்த பரபரப்பு இதுவே என்றார். டிக்கன்ஸ் நடிகையின் சொல்லைக் கேட்டார். 1869 சனவரி முதல் அப்பகுதியைப் பொதுமேடையில், கட்டணத்திற்குப் படித்தார். படித்து முடிக்கும்தோறும் அவருடைய நாடித்துடிப்பு அளவிறந்து ஏறியது. உடல் குலைந்தது; 1870 சூனில் மறைந்தார். அதே ஆண்டு மார்ச்சில் விடைபெற்ற இறுதி மேடையில் அவர் எடுத்துக்கொண்டது கொலையை அன்று; பழைய கிறிஸ்துமஸ் கதையையும் ஒரு நகைச்சுவைப் பகுதியையுமே.

தமிழில் அச்சமும் அறமும் ஓரிடத்தில் நிற்கும் மிகப் பழைய கதை மணிமேகலையில் உள்ளது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், நள்ளிரவில் மணிமேகலா தெய்வம் சுதமதிக்குச் சொல்வதாக அது வருகிறது. புகார் நகரத்துச் சார்ங்கலன் என்னும் சிறுவன் தனிவழி நடந்து சுடுகாட்டுக்குள் புகுந்துவிடுகிறான். பெண்ணொருத்தியின் தலையைக் கையிலேந்தி ஆடும் பேயைக் கண்டு, வெருண்டோடி வந்து, தாய்முன் விழுந்து உயிர் விடுகிறான். தாய் கோதமையும் அவள் கணவனும் கண்ணிழந்தவர்கள். மகனுடலைத் தழுவியெடுத்துக்கொண்டு போய்ச் சம்பாபதியிடம் அவள் வழக்காடுகிறாள். தன் உயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு வேண்டுகிறாள். எந்தத் தெய்வத்தாலும் போன உயிரை மீட்டல் இயலாது என்பதே விடை.

இக்கதையில் பேய் வருவது சில அடிகளே. எஞ்சியவை எல்லாம் கண்ணில்லாத் தாயின் குரல். அவையில் படிக்கத் தகுவதும் அதுவே. பேயை நீட்டி வருணித்துத் தாயைச் சுருக்கிச் சொல்பவர் கதையைக் கெடுத்தவராவர். இதே காப்பியத்தில் பின்னர் அமுதசுரபி வருகிறது. பசித்தவர்க்குச் சோறிடும் பெரும்பணி தொடங்குகிறது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாடு போந்தவர் தாம் என்பது நகரத்தார் மரபு. அவ்வாறாயின் கானாடுகாத்தான் அவைக்கு அந்தச் சுடுகாடு அயலூர்ச் சுடுகாடு அன்று.

கலிங்கத்துப்பரணியின் பேய்கள் வேறு வகையின. போர்க்களத்தில் கூழட்டு உண்ணும் அவற்றின் ஆரவாரத்தில் அச்சத்தினும் நகையே மிகுதி. உரை சொல்லாமல் படித்தால் இன்று பலர்க்கும் விளங்காது. உரை சொல்லிப் படித்தால் பேய் ஓடிவிடும். ஓசைக்காக நான்கைந்து தாழிசைகளோடு நிறுத்திக்கொள்வது நன்று.

பழையனூர் நீலி கதை அவ்வாறன்று. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாக வழங்கும் இக்கதையைத் திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகமே சுட்டுகிறது. முற்பிறப்பில் தன்னைக் கொன்றவன் இப்பிறப்பில் வணிகனாக வர, அவன் மனைவியின் உருக்கொண்டு, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வருகிறாள் நீலி. இவள் என் மனைவியல்லள், பேய் என்று வணிகன் ஊரவையில் கதறுகிறான். வேளாளர் எழுபதின்மரும் அவள் கண்ணீரை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்களித்து, அவளோடு அவனை விடுகின்றனர். விடியலில் அவன் பிணம். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்புகுந்தனர்.

வணிகர் ஊரில் இதனைப் படிக்கலாமா என்று தயங்குவோர் உண்டு. படிக்க வேண்டும் என்பதே தக்க விடை. வாய்ச்சொல்லையும் கணக்கேட்டையும் நம்பிக் கடல் கடந்து பணம் கொடுத்து வாங்கியவர்கட்கு, உண்மையைச் சொல்லியும் அவை நம்பாதது எத்தகைய அச்சம் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். கொலையுண்ட பெண்ணின் பகுதியை விட்டுவிட்டு, அவையிலிருந்து மட்டும் தொடங்கிச் சொல்வது சிலர் வழக்கம். அங்ஙனம் சொன்னால் நீலி வெறும் பேயாகிவிடுகிறாள். அவளுக்கும் ஒரு வழக்கு இருந்தது மறைந்துபோகிறது. நேரம் போதாதெனில் வேறு கதை படிக்கலாம். இதனைப் பாதியாக அறுத்தல் ஆகாது.

இனி எதிர்க்கட்சியையும் கேட்டாக வேண்டும். 1919-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாரதியார் கானாடுகாத்தானுக்கு வந்து, வயி. சு. சண்முகம் செட்டியார் இல்லத்தில் தங்கினார். அங்கிருந்து காரைக்குடி சென்று இந்து மதாபிமான சங்கத்தாரைக் கண்டார்; கையில் கோலுடன் அவர் நிற்கும் புகழ்பெற்ற நிழற்படம் அப்பயணத்தில் எடுக்கப்பட்டதே. மரத்தில் பேய், குளத்தில் பேய் என்று நடுங்குவோரைப் ‘பாரத ஜனங்களின் தற்கால நிலைமை’யில் கண்டித்தவர் அவர். புதிய ஆத்திசூடியிலும் பேய்க்கு அஞ்ச வேண்டா என்பதற்கென்றே ஓர் அடி ஒதுக்கினார். அவர் தங்கிய ஊரில் பேய்க்கதை படிப்பதா என்று ஒருவர் எழுந்து கேட்டால் அது நியாயமான கேள்வியே. பேயோட்டுவதாகச் சொல்லிப் பெண்களை வேப்பிலையால் அடித்த கொடுமையை அறிந்தவர் அக்கேள்வியைத் தள்ளிவிட மாட்டார். அச்சத்தை விற்றுப் பிழைப்பவன் கதையை, அவன் வென்றதாக முடியும் கதையை, எந்த அறப்பணிக்காகவும் படிக்கலாகாது. சார்ங்கலன் கதையும் நீலி கதையும் அவ்வகையில் அடங்குவன அல்ல.

இங்கேதான் புதுமைப்பித்தன் வருகிறார். 1934-இல் அவர் சிறிது காலம் காரைக்குடியில் ‘ஊழியன்’ இதழில் பணியாற்றியவர்; இப்பகுதியின் வெயிலும் பெரிய கதவுகளும் அவர் அறியாதன அல்ல. அவருடைய ‘காஞ்சனை’ 1943-இல் வெளிவந்தது. வேலைக்கென்று வீட்டுக்குள் வந்த ஒரு பெண், காரணம் தெரியாத ஒரு வாடை, உறங்காமல் விழித்துக் கிடக்கும் கணவன், இவ்வளவே கதை. அவள் யார் என்பதை ஆசிரியர் முடிவு செய்து தருவதில்லை. நம்பிக்கை இல்லாதவனுக்கும் பயம் உண்டு என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. பாரதியார் பக்கம் நிற்பவரும் அமைதியாகக் கேட்கக்கூடிய பேய்க்கதை தமிழில் உண்டெனில் அது இதுவே.

அது வெளிவந்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி செட்டியார் வசம் இருந்தது. 1942-இல் சப்பானியப் படை இரங்கூனைப் பிடித்தது. கால்நடையாகக் காடும் மலையும் கடந்து இந்தியா திரும்பிய பல்லாயிரவருள் வழியிலேயே மடிந்தோர் பலர். கணக்கேடுகள் அங்கேயே நின்றுவிட்டன. இங்கே வீடுகள் பூட்டப்பட்டன. திருமணத்திற்கும் படைப்புக்கும் மட்டும் திறந்து, மற்ற நாளில் காவலாள் ஒருவர் மட்டும் விளக்கேற்றும் வீடுகள் செட்டிநாட்டில் மிகுந்தன. பூட்டிய வீட்டைப் பேய்வீடு என்பது எவ்வூர்க்கும் பொதுவான பேச்சு. இங்கே அந்தச் சொல்லுக்குள் வராத மனிதர்களின் நினைவும் உண்டு. ஆகவே ‘பூட்டிய வீட்டில் விளக்கு தெரிந்தது’ என்று தொடங்கும் மலிவான கதைகளைக் கானாடுகாத்தானில் தவிர்ப்பதே மரியாதை. கேட்போருள் யாருடைய பாட்டனார் திரும்பவில்லை என்பது படிப்பவருக்குத் தெரியாது.

வரிசையும் ஒரு கலைதான். சிறுவர் உறங்குமுன் சார்ங்கலன். அவை நிறைந்தபின் நீலி. மின்விளக்குகளைக் குறைத்துக் ‘காஞ்சனை’. காஞ்சனையை நடிக்க வேண்டுவதில்லை. பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வது போன்ற தாழ்ந்த குரலே அதற்கு ஏற்றது. அதனோடு முடித்தால் முகப்பிலிருந்து தெருக்கோடி வரை நடந்து போவோர் பாடு பெரும்பாடாகும். ஆகவே இறுதியில் புதுமைப்பித்தனின் ‘வேதாளம் சொன்ன கதை’யைப் படித்துவிடலாம். அந்த வேதாளத்தைக் கண்டு அஞ்சுவோர் இலர். சிரித்துக்கொண்டே எழுந்து செல்வோர்க்கு வாசலில் இருக்கும் உண்டியலும் கண்ணில் படும்.