டீக்கடையில் இரண்டு டம்ளர்

ஒரு ஊரைப் பற்றித் தெரிஞ்சுக்கணுமா? தாலுகா ஆபீஸ் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன்னால், அந்த ஊர் டீக்கடையில் ஒரு டீ குடித்துப் பாருங்கள்.

1970களின் தர்மபுரி. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் வீடு வந்து சேரும். பொய்த்தால் வட்டிக்கடைதான் கதி. கூலிக்குப் போகிற தலித்தும் சரி, துண்டு மானாவாரி நிலம் வைத்திருந்த வன்னியரும் சரி, வட்டிக்காரர் வாசலில் ஒரே மாதிரிதான் கைகட்டி நின்றார்கள். ஆனால், டீக்கடைக்கு வந்தால் இரண்டு டம்ளர்!

இந்த இடத்தில்தான் நக்சல்பாரி இளைஞர்கள் நுழைந்தார்கள். 1967ல் மேற்கு வங்கத்தின் ஒரு கிராமத்தில் நிலம் கேட்டு எழுந்த நெருப்பின் பொறி அது. கந்துவட்டியையும் இரட்டை டம்ளரையும் சேர்த்தே எதிர்த்தார்கள். இரண்டு சாதிப் பையன்களும் அதில் இருந்தார்கள் என்பதுதான் விசேஷம்.

அரசு சும்மா இருக்குமா? 1980 ஆகஸ்ட்டில் திருப்பத்தூரில் குண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் பழனிச்சாமி உள்ளிட்ட போலீஸார் இறந்தார்கள். வடாற்காடு, தர்மபுரி மாவட்டங்களில் வால்டர் தேவாரம் தலைமையில் வேட்டை முடுக்கிவிடப்பட்டது. செப்டம்பரில் பாலன் இறந்தார். போலீஸ் அடித்தே கொன்றது என்பது இயக்கத்தாரின் குற்றச்சாட்டு. அவருக்கும், 1970லேயே பலியான அப்புவுக்கும் நாயக்கன்கொட்டாயில் சிலை எழும்பியது.

இயக்கம் ஒடுங்கியது. பல கடைகளில் டம்ளர் ஒன்றானது. நிலம்? அது மட்டும் கைக்கு வரவே இல்லை. காலனிப் பையன்கள் கட்டட வேலைக்கு பெங்களூர் பஸ் ஏறினார்கள். சிமென்ட் மூட்டை சுமந்த காசில் ஊரில் காரை வீடு, பீரோ, பைக் என்று ஒவ்வொன்றாக வந்தன. பண்ணைக் கூலியை நம்பி நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது. சிலர் கண்ணை அது உறுத்தாமல் இருக்குமா?

2012 நவம்பர் 7. ஒரு வன்னியப் பெண், அதற்கு முன்பே தலித் இளைஞரைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். பெண்ணின் அப்பா தற்கொலை செய்துகொண்டார். அன்று மாலையே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளுக்குள் கும்பல் புகுந்தது. 250க்கும் மேற்பட்ட வீடுகள் நாசம். ஜனங்கள் ஓடித் தப்பியதால் உயிர் மிஞ்சியது. ஆனால், பீரோ உடைந்தது, நகை போனது, பைக் எரிந்தது, பிள்ளைகளின் சர்டிபிகேட் சாம்பலானது. இத்தனை வருஷமாகச் சேர்த்ததெல்லாம் ஒரே ராத்திரியில்! அடுத்த வருஷம் ஜூலை 4 அன்று, அந்த இளைஞர் தர்மபுரியில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார்.

வட்டிக்காரருக்கு எதிராக ஒன்றாக நிற்க முடிந்தது. ஒரே டம்ளரில் டீ குடிக்கவும் பழகிவிட்டார்கள். சம்பந்தம் என்றதும்தான் பழைய கணக்கு வெளியே வந்தது. டீக்கடைக்குள் வந்த மாற்றம், வீட்டு வாசற்படி ஏறவில்லை.

அப்பு, பாலன் சிலைகள் இருப்பது எரிந்த காலனிகளின் பக்கத்திலேதான்.