மீனம்பாக்கமும் நம்ம பூந்தமல்லி ரோடும்... ஒரு சரக்குக் கணக்கு

விமான நிலையத்தைப் பத்தி எழுதப்போறேன்னு வீட்டில் சொன்னதும், "நீங்க எத்தனை தடவை ஃப்ளைட்ல போயிருக்கீங்க?" என்று ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். பயணியாகப் போனதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் மீனம்பாக்கத்துக்கு நான் போனது நூறு தடவைக்கு மேல் இருக்கும். எல்லாம் பின்வாசல் வழியா, அதாவது கார்கோ பக்கம் :-)

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். லேத்தில் கடைந்த உதிரி பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவோம். பெரிய ஆர்டர் எல்லாம் கப்பலில் போய்விடும். சாம்பிள், அவசர ஆர்டர் மட்டும் விமானத்தில். அந்த அட்டைப் பெட்டிகளை மெட்டடார் வேனில் ஏற்றிக்கொண்டு போய் கிளியரிங் ஏஜென்ட் கையில் சேர்ப்பது என் வேலை. பாடி, கோயம்பேடு, வடபழனி, கத்திப்பாரா என்று ஊர் சுற்றிப் போகணும். இல்லைன்னா பூந்தமல்லி, குன்றத்தூர், பம்மல் வழி. எந்த வழியில் போனாலும் டிராஃபிக்தான்.

ஒரு ஐப்பசி மாசம், நல்ல மழை. கத்திப்பாராவில் வேன் நகரவே இல்லை. போய்ச் சேரும்போது கட்-ஆஃப் நேரம் தாண்டி முக்கால் மணி நேரம். ஜெர்மனிக்குப் போகவேண்டிய பெட்டி அன்றைக்குப் போகவில்லை. அடுத்த விமானத்தில் இடம் கிடைக்க மூன்று நாள் ஆச்சு. அந்த ஆர்டர் அப்புறம் வரவே இல்லை. முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்கு எங்கள் பதினோரு பேருக்கும் போனஸ் பாதிதான். அன்றையிலிருந்து விமான நிலையக் கணக்கு எங்கே வந்தாலும் நான் முதலில் பார்ப்பது சரக்கு என்கிற பத்தியைத்தான்.

சரி, கொஞ்சம் வரலாறு பார்க்கலாம்.

சென்னைக்கு வந்த முதல் விமான சர்வீஸே சரக்குதான், தெரியுமோ? 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு குட்டி புஸ் மாத் விமானத்தை ஓட்டிக்கொண்டு அகமதாபாத் வழியாக பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்கிற விமானி பெல்லாரி வழியாக சென்னைக்குக் கொண்டுவந்தார். உள்ளே இருந்தது ஆள் இல்லை, தபால் மூட்டை. லண்டனிலிருந்து கராச்சி வரைக்கும் இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்து போட்ட கடிதங்கள். அடுத்த வருஷம், 1933 முழுக்கவும் டாடா சர்வீஸில் பறந்த பயணிகள் 155 பேர். தபாலோ பத்து டன்னுக்கு மேல். ஆக, கடுதாசிதான் மூத்த பிள்ளை. மனுஷன் பின்னாடி வந்தவன்.

அப்புறம் மனுஷன் முந்திக்கொண்டான். பழைய டெர்மினல் மீனம்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் இருந்தது. வளைகுடா வேலை ஆரம்பித்த காலத்தில் எங்க பெரியப்பா மகன் மஸ்கட் போனபோது ஆவடியிலிருந்து ஒரு டெம்போ நிறைய ஆட்கள் வழியனுப்பப் போனோம். போனவர் ஒருத்தர், அழுதது பதினெட்டு பேர்! 1978-இல் தனியாக ஏர் கார்கோ வளாகம் வந்தது. எண்பதுகளில் திரிசூலம் பக்கம் புது டெர்மினல்கள் கட்டி பயணிகளை அங்கே மாற்றினார்கள். பழைய கட்டடம் சரக்குக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் புது டிவி வாங்கினா பழசு பாட்டி ரூமுக்குப் போற மாதிரிதான்.

இப்போ கொஞ்சம் 'ரமணா' விஜயகாந்த் வேலை பார்க்கணும், மன்னிச்சுக்கோங்க.

2007-08-இல் சென்னை, பெங்களூரு ரெண்டு ஊரிலும் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பயணிகள். சென்னை கொஞ்சம் முன்னாடி. அடுத்து 2008 மார்ச்சில் ஹைதராபாத் ஷம்ஷாபாத்திலும், மே மாதம் பெங்களூரு தேவனஹள்ளியிலும் புது விமான நிலையம் திறந்தார்கள். ஒன்று சுமார் 5,500 ஏக்கர், இன்னொன்று 4,000 ஏக்கர். நம்முடையது 1,300 ஏக்கர் சொச்சம். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, ஒரு பக்கம் அடையாறு, சுற்றிலும் பரங்கிமலை, பல்லாவரம், பம்மல் குன்றுகள். கையைக் காலை நீட்ட இடமில்லை.

2018-19-இல் சென்னை 2.25 கோடி. பெங்களூரு 3.3 கோடி. ஹைதராபாத் நமக்குக் கீழேதான், 2.1 கோடி. கொரோனா வந்து 2020-21-இல் சென்னை 55 லட்சம் அளவுக்கு விழுந்தது. நாலில் ஒரு பங்கு! மீண்டு எழுந்து 2023-24-இல் 2.12 கோடி வந்தபோது பெங்களூரு 3.75 கோடியில் இருந்தது, ஹைதராபாத் 2.5 கோடியில். அதாவது மற்ற இருவரும் பழைய உயரத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள், நாம் ஏணியில் அதே படியில் நிற்கிறோம். பேப்பர்காரர்கள் தலைப்புப் போடுவது இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் நம்ம ஏரியாவுக்குச் சோறு போடுவது அடுத்த பத்தி. சரக்கு.

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டை ஒருமுறை மனசில் ஓட்டிப் பாருங்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. கார் கப்பலில் போகும், செல்போன் விமானத்தில் போகும். ஏன்னு கேட்டால், விமானச் சரக்குக்கு எடையையும் பார்ப்பார்கள், பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். ஒரு கன மீட்டர் இடத்தை அடைத்தால் அதை 167 கிலோவாகக் கணக்குப் போட்டு, நிஜ எடை, இந்த எடை ரெண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. செல்போன் சின்னது, விலை அதிகம், நாலு மாசம் போனால் மாடல் பழசு. கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தாங்கும். எங்கள் கடைசல் சாமான் தாங்காது.

2014 நவம்பர் முதல் தேதி நோக்கியா ஆலை நின்றது. என் தெருவிலேயே ரெண்டு பெண்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். அதிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள், ஒருநாள் பஸ் வருவது நின்றுபோச்சு. இருந்தாலும் மற்ற தொழில்கள் தாங்கிப் பிடித்ததில் 2017-18-இல் சென்னை விமான நிலையத்தின் சரக்கு 4 லட்சம் டன்னைத் தாண்டியது. அப்போது பெங்களூரு நமக்குப் பின்னால், மூன்றரை லட்சம் டன். 2024-25-இல் பெங்களூரு 5 லட்சம் டன்னைக் கடந்தது. நாமோ 2023-24 வரைக்கும் பழைய 4 லட்சத்தை மறுபடி தொடவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. சரக்குன்னா தனி சரக்கு விமானம்தான்னு நிறைய பேர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நாம் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடும் அதே விமானத்தின் வயிற்றுக்குள் நம்ம சூட்கேஸோடு ஏற்றுமதிப் பெட்டிகளும் போகும். வெளிநாட்டுக்கு நேரா போகும் பெரிய விமானம் ஒரு ஊருக்கு எவ்வளவு வருதோ, அவ்வளவு சரக்கும் போகும். பயணிகள் பெங்களூரு பக்கம் சாய்ந்தால் பெட்டியும் அந்தப் பக்கம் சாயும். ரெண்டு பத்தியும் தனித்தனிக் கணக்கு இல்லை, ஒரே மாட்டில் பூட்டிய வண்டி.

அப்போ பெரிய விமான நிலையம் கட்டினால் தீர்ந்தது என்று சொல்லத் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அந்த எண்ணம்தான். இருக்கிறதையே பெரிசாக்கலாம் என்று 2007 வாக்கில் ஆற்றுக்கு அந்தப்பக்கம் மணப்பாக்கம், கொளப்பாக்கம் வரை ஆயிரம் ஏக்கருக்கு மேல் கேட்டார்கள். வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் நூறு ஏக்கர் சொச்சத்தோடு நின்றது. ரெண்டாவது ஓடுதளத்தை அடையாற்றின் மேலே பாலம் போட்டு நீட்டினார்கள்.

அந்த ஆறு 2015 டிசம்பரில் பதில் சொன்னது. முதல் தேதி ராத்திரி ஓடுதளத்தில் வெள்ளம். சில நாட்கள் விமான நிலையமே மூடிக் கிடந்தது. அப்போ அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்கள், ஞாபகம் இருக்கா? ஜென்மத்தில் ஏர்போர்ட் பக்கம் போகாத சனங்கள்கூட, சூட்கேஸோடு பூந்தமல்லி, திருவள்ளூர் ரோட்டில் வண்டி தேடி நின்றவர்களைப் பார்த்தார்கள். சென்னைக்கு ரெண்டாவது விமான நிலையம் மேற்கே இருந்தது. ஆனால் நாலே நாலு நாள் :-) எட்டு வருஷம் கழித்து 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். திரும்பவும் ஓடுதளத்தில் தண்ணீர், திரும்பவும் மூடினார்கள்.

இப்போது பரந்தூர். 2022 ஆகஸ்டில் இடம் அறிவித்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல், வருஷத்துக்கு 10 கோடிப் பயணிகள் என்று திட்டம். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்தது. பூந்தமல்லியிலிருந்து அங்கே மெட்ரோ ரயிலுக்கும் திட்டம் போட்டார்கள். நம்ம பக்கம் ரியல் எஸ்டேட் போர்டு எல்லாம் 'ஏர்போர்ட் மிக அருகில்' என்று மாறிவிட்டது. (மிக அருகில் என்றால் நாற்பது கிலோமீட்டர்.)

ஏகனாபுரம் மக்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்தே எதிர்த்துப் போராடினார்கள். மாலை நேரத்தில் வேலை முடிந்து வந்து கூடி உட்காரும் போராட்டம், ஆயிரம் நாளையும் தாண்டியது. கிராம சபைகளில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். கேட்கப்பட்ட நிலத்தில் கணிசமான பகுதி ஏரி, குளம், வாய்க்கால், நஞ்சை. வீடும் போகும் என்பது அவர்கள் கவலை. அங்கே ஏரி நிறையாமல் போனால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்பது, 2015 பார்த்த நம் கவலையாகவும் இருக்கணும்.

இந்த இடத்தில்தான் என் மனசு மாறிய கதையைச் சொல்லணும். 2025 மார்ச், ஏப்ரலில் அமெரிக்க வரிக்குப் பயந்து ஆப்பிள் கம்பெனி சென்னையிலிருந்து தனி சரக்கு விமானங்களில் ஐபோனை ஏற்றி அனுப்பியது. சுமார் 600 டன், 15 லட்சம் போன் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. எல்லாம் நம்ம மீனம்பாக்கத்திலிருந்துதான். அதே செய்தியில் இன்னொரு வரி: சுங்கச் சோதனைக்கு ஆகும் நேரத்தை 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைத்தார்கள். அதற்காக யாரும் புது ஓடுதளம் போடவில்லை. ஒரு ஏக்கர் நிலம் எடுக்கவில்லை. மேஜைக்கு மேஜை ஃபைல் நகரும் வேகத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெரிய கம்பெனிக்கு 6 மணி நேரத்தில் முடிகிற காரியம், அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஏன் முடியக்கூடாது? எங்கள் பெட்டி தவறிய அந்த நாளில் சென்னையில் ஓடுதளம் போதாமல் இல்லை. வழியும் நேரமும்தான் போதவில்லை.

சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 1,300 ஏக்கரை வைத்துக்கொண்டு ரொம்ப காலம் ஓட்டமுடியாது, மேலே இருக்கும் எண்களே சொல்கின்றன. ஆனால் புது நிலையம் எழும்பி, பெரிய விமானங்கள் வந்து, அதன் வயிற்றில் நம்ம பெட்டி ஏறப் பல வருஷம் ஆகும். அதுவரைக்கும் செய்யக்கூடியது மீனம்பாக்கத்திலேயே இருக்கு. சின்ன ஏற்றுமதியாளருக்கும் அதே 6 மணி நேரம் வேண்டும், மேற்குப் பக்கத்திலிருந்து சரக்கு வண்டிக்கு ஒரு நல்ல வழி வேண்டும். இதையெல்லாம் செய்யாமல், எல்லாக் குறைக்கும் பரந்தூர்தான் மருந்து என்று சொன்னால், ஏகனாபுரத்துக்காரர் "உங்க ஃபைல் நகராததுக்கு என் ஏரியை ஏன்யா கேட்கிறீங்க?" என்று கேட்பார். என்னிடம் பதில் இல்லை.

போன மாசம் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். மலை மேல் நின்றால் விமானம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவது தெரியும். பக்கத்தில் ஒரு பையன் தன் அப்பாவிடம், "அதுக்குள்ள எத்தனை பேருப்பா இருப்பாங்க?" என்று கேட்டான். அவர் இருநூறு இருக்கும் என்றார்.

எத்தனை பெட்டி இருக்கும்னு யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு படி இறங்கினேன்.