சிரிப்பை அனுமதித்த சாம்ராஜ்யம்

மேடை விளக்கின் முன் நின்று, முகபாவத்தாலும் அங்கசேஷ்டையாலும் ஜனங்களை மகிழ்வித்த இங்கிலாந்தின் மியூசிக் ஹால் விதூஷகர்களைச் சென்ற வாரம் கண்டோம். அந்த மேடையிலேயே பயின்று, பின்னர் முகமும் வேஷமும் பயன்படாத ரேடியோ யுகத்தில், குரல் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு ஒரு தேசம் முழுவதையும் சிரிக்க வைத்த டாமி ஹாண்ட்லியின் சரித்திரத்தை இந்த வாரம் காண்போம்.

1892-ஆம் ஆண்டு லிவர்பூல் துறைமுக நகரில் பிறந்த ஹாண்ட்லி, முதல் மகா யுத்தத்தில் கடற்படையின் விமானப் பிரிவில் பணிபுரிந்து திரும்பியபின், ராணுவ அலுவலக விசாரணை ஒன்றைப் பிரபல பாட்டுகளின் மெட்டிலே பாடி நடத்தும் சிறு ஹாஸ்ய நாடகத்தை ஊர் ஊராக நடித்துப் பெயர் பெற்றார். அதிகாரத்தின் ஆடம்பரத்தைப் பார்த்து நகைக்கும் அந்தச் சுபாவமே பிற்காலத்தில் அவருடைய கீர்த்திக்கெல்லாம் வித்தாயிற்று. 1920-களில், பி.பி.சி. நிறுவனம் இன்னும் குழந்தைப் பருவத்தில் இருந்தபோதே ஒலிவாங்கியின் முன் நின்று பழகிய அவர், ரொனால்ட் ஃப்ராங்கோ என்ற நடிகருடன் சேர்ந்து நடத்திய வேக உரையாடல்களால், 1930-களில் ரேடியோ நேயர்களின் அபிமானத்துக்குப் பாத்திரமானார்.

ஹிட்லர் புதுப்புது உரிமை கோரி உலகைக் கலக்கிக்கொண்டிருந்த 1939 ஜூலையில், ‘மறுபடியும் அந்த மனிதன்தான்’ என்று அவனைக் குறித்துப் பத்திரிகைகள் இட்ட தலைப்பையே தலைப்பாகக் கொண்டு, அதன் ஆங்கில முதலெழுத்துகளால் ‘இட்மா’ எனச் சுருக்கமாக வழங்கிய நிகழ்ச்சி தொடங்கிற்று. டெட் கவானா எழுத, ஃப்ரான்ஸிஸ் வோர்ஸ்லி தயாரித்த அந்நிகழ்ச்சி ஆரம்பத்தில் சோபிக்கவில்லை. செப்டம்பரில் யுத்தம் மூண்டு, விளக்கணைப்பும் பங்கீடும் எண்ணற்ற சுற்றறிக்கைகளும் வீடுதோறும் புகுந்த பின்னரோ, அதற்குப் புத்துயிர் பிறந்தது. ஏனெனில் ஹாண்ட்லி இப்போது, ஜனங்களுக்குத் தொல்லை தருவதையே கடமையாகக் கொண்ட ஒரு கற்பனை இலாகாவின் மந்திரியாகக் காட்சி தந்தார்.

அவருடைய அறைக் கதவு திறந்தபடியே இருக்கும். வாளியும் துடைப்பமுமாக வரும் வேலைக்காரி மிஸஸ் மாப், யார் எதைச் சொன்னாலும் அது தமக்கு மது வழங்கும் அழைப்பே என்று கொள்ளும் கர்னல் சின்ஸ்ட்ராப், டெலிபோனில் மிரட்டும் ஜெர்மன் ஒற்றன் ஃபுன்ஃப் என்று ஒவ்வொருவராக வந்து, தத்தமக்குரிய வாசகத்தைச் சொல்லி மறைவார்கள். அந்த ஒற்றனின் பயங்கரக் குரல், ஜாக் ட்ரெய்ன் என்ற நடிகர் வெறும் கண்ணாடி டம்ளருக்குள் பேசியதால் உண்டானது. அவ்வார நடப்புகளையே வைத்துக் கவானா வசனம் எழுதியமையால், காலையில் ஓர் உத்தியோகஸ்தரின் கெடுபிடிக்கு ஆளானவன், இரவில் அதே கெடுபிடி பரிகசிக்கப்படுவதைக் கேட்டு மனம் ஆறினான். வந்துபோவோர் இத்தனை பேர் இருந்தும், இடையறாத வாக்சாதுரியத்தால் அவர்களை ஒரே இழையில் கோத்தவர் ஹாண்ட்லியே.

பிரிஸ்டல் நகரம் குண்டுவீச்சுக்கு இலக்கானபோது, அங்கே இயங்கிவந்த பி.பி.சி.யின் கேளிக்கைப் பிரிவு வேல்ஸ் நாட்டின் பாங்கருக்குப் பெயர்ந்து, நிகழ்ச்சியும் அங்கிருந்தே ஒலித்தது. 1942 ஏப்ரலில், எலிஸபெத் இளவரசியின் பதினாறாவது பிறந்தநாளை முன்னிட்டு, வின்ட்ஸர் கோட்டையில் அரச குடும்பத்தின் முன்னிலையிலேயே அது நடைபெற்றது. 1944-இல் ஸ்காப்பா ஃப்ளோவில் நங்கூரமிட்டிருந்த கடற்படையினரிடமும் அக்குழு சென்றது.

யுத்தத்துக்குப் பின்னும் தொடர்ந்த அந்நிகழ்ச்சி, 1949 ஜனவரி 6-ஆம் தேதி 310-ஆவது முறையாக ஒலிபரப்பாயிற்று. மூன்றே நாட்களில், மூளையில் ஏற்பட்ட ரத்தக் கசிவினால் ஹாண்ட்லி காலமானார். அவருடைய ஸ்தானத்தில் வேறொருவரை நிறுத்த எண்ணாமல், பி.பி.சி. அத்துடன் ‘இட்மா’வை முடித்துவிட்டது. நெல்ஸனும் வெலிங்டனும் அடக்கமாகியிருக்கும் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்திலும், அவருடைய சொந்த ஊரான லிவர்பூலின் பேராலயத்திலும் நினைவு வழிபாடுகள் நடைபெற்றன.

சாம்ராஜ்யத்துக்காகப் போரிட்ட தளபதிகளுக்கு அளித்த கௌரவத்தின் சாயலை, அதன் இலாகாக்களைப் பத்தாண்டு காலம் எள்ளி நகையாடிய ஒருவருக்கும் அளித்தார்கள். பகைவனைப் பரிகசிக்க எந்த அரசாங்கமும் அனுமதிக்கும். ஆபத்துக் காலத்தில் தன்னையே பரிகசிக்க இடம் கொடுப்பதற்குத்தான் தன்னம்பிக்கை வேண்டும். அந்த இடத்தைப் பகைமைக்கு ஆயுதமாக்காமல், களைத்த ஜனங்களின் ஆறுதலுக்காகப் பயன்படுத்திக்கொண்டதே ஹாண்ட்லியின் சாமர்த்தியம்.

(தொடரும்)