தலிப் சிங் சௌந்த்: குத்தகை நிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றம் வரை



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை என்று தங்கள் கவலைகளை எழுதுகிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பதிவு. ஊரில் இருப்பவர்களும் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் சஜ்ஜல்வாடி என்று ஒரு கிராமம். தலிப் சிங் சௌந்த் 1899-இல் அங்கே பிறந்தார். பெற்றோர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் தந்தையும் உறவினர்களும் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியை ஏற்படுத்தினார்கள். ஓர் ஆசிரியனாக எனக்கு இந்த வரலாற்றில் முதலில் மனத்தில் நின்றது இதுதான்.

1920-இல் அமெரிக்கா சென்றார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உணவுப் பதப்படுத்தல் படிக்கப் போனவர், கணிதத்துக்கு மாறி 1924-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஸ்டாக்டன் குருத்வாரா நடத்திய மாணவர் விடுதியில் தங்கினார். கோடை விடுமுறையில் பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளில் கூலி வேலை செய்தார்.

கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி வேலை! கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் பாலைநிலம் அது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து விளைநிலமாக்கியிருந்தார்கள். அங்கேயே அவர் லெட்டூஸ் கீரையும் மற்றப் பயிர்களும் போட்டு விவசாயி ஆனார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் ஏறியது. திவால் நோட்டீஸ் கொடுத்துவிடு என்று நண்பர்கள் சொல்லியும் அவர் கேட்கவில்லை. பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்தார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே விண்ணப்பித்து அமெரிக்கக் குடிமகன் ஆக முடியும். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்திலேயே பணியாற்றிய பகத் சிங் திந்த் என்பவர் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். இந்தியர்கள் சட்டம் சொல்லும் ‘வெள்ளையர்’ அல்லர் என்று 1923-இல் தீர்ப்பு வந்தது. குடிமகனாகும் தகுதி இல்லாதவர் நிலம் வாங்கக்கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1913 முதலே சட்டம் இருந்தது. அதனால் பஞ்சாபி விவசாயிகள் பலர் நம்பிக்கையான வேறொருவர் பெயரில்தான் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. வியர்வை ஒருவருடையது, பட்டா இன்னொருவர் பெயரில். அந்த ஆள் மனம் மாறினால் கேட்க வழியில்லை.

சௌந்த் முணுமுணுத்துக்கொண்டு உட்காரவில்லை. இந்தியாவை இழிவுபடுத்திய காதரின் மேயோவின் நூலுக்கு 1930-இல் ஒரு புத்தகத்தால் பதில் சொன்னார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இந்தியர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று மற்ற இந்தியர்களோடு சேர்ந்து பாடுபட்டார். 1946 ஜூலையில் லூஸ்–செல்லர் சட்டம் நிறைவேறியது. ஆண்டுக்கு 100 இந்தியர்கள் வரலாம், இருப்பவர்கள் குடிமக்கள் ஆகலாம். 1949 டிசம்பரில், தம் ஐம்பதாவது வயதில், சௌந்த் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

இங்கே ஒரு கணக்கு வருகிறது. 1950 நவம்பரில் வெஸ்ட்மோர்லண்ட் என்ற சிற்றூரின் நீதிபதி பதவிக்கு நின்று ஜெயித்தார். அந்த ஊரில் அது தேர்தலில் நிரப்பும் பதவி. ஆனால் குடிமகனாகி ஓராண்டு முடியவில்லை என்று பதவி தர மறுத்துவிட்டார்கள். சில வாரங்கள்தான் குறைவு! 1952-இல் மறுபடியும் நின்றார், மறுபடியும் ஜெயித்தார். ஜெயித்து வந்தால் உங்கள் கோர்ட்டுக்கு நாங்களும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரவேண்டுமா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டாராம். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன் என்ற பொருளில் சிரித்தபடியே பதில் சொல்லியிருக்கிறார்.

1956-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு ஜனநாயகக் கட்சி சார்பில் நின்றார். உறுப்பினராக ஏழாண்டுக் குடியுரிமை வேண்டும். சொந்தக் கட்சியில் போட்டியிட்டவரே இதைக் காட்டி நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. 1949 டிசம்பரிலிருந்து எண்ணிப் பாருங்கள்: பதவியேற்பு 1957 ஜனவரி. கணக்கு சரி! எதிர்த்து நின்றவர் உலகப் புகழ்பெற்ற விமானி ஜாக்குலின் காக்ரன். சௌந்த் ஜெயித்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் ஆசிய அமெரிக்கர் அவர்தான். மூன்று முறை வென்று, வெளியுறவுக் குழுவிலும் பணியாற்றினார். 1962-இல் பக்கவாதம் தாக்கியது. அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். 1973-இல் மறைந்தார்.

அவரை அதிகம் காக்க வைத்தது பாலைநிலம் அல்ல, காகிதம். 1920-இலிருந்து 1949 வரை 29 ஆண்டுகள் உழைத்தும், அந்த மண்ணில் அவருக்கு ஒரு ஓட்டுக்கூட இல்லை. சட்டம் தானாக மாறவில்லை, மாற்றப் பலர் உழைத்தார்கள்.

வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகளே, மனம் தளராதீர்கள். உங்களுக்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்தவர்களை மறக்காதீர்கள். நம் ஊருக்குப் பிழைக்க வந்து வயலிலும் கட்டடத்திலும் உழைக்கும் வெளியூர்க்காரரைப் பார்க்கும்போதும் சௌந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் பிள்ளைகளும் நம் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.