தாத்தாவின் 'லண்டன் வண்டி'

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "எனக்கு நட்டு போல்ட்டைத் தவிர என்ன சார் தெரியும்?" என்றேன். "அதையே எழுதுப்பா" என்று சொல்லிவிட்டார். ஆகவே நண்பர்களே, இது ஒரு துருப்பிடித்த சைக்கிளின் சரித்திரம்.

திருவள்ளூரில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது மாட்டுக் கொட்டகையில் தாத்தாவின் ஹெர்குலிஸ் கிடைத்தது. இருந்தவரை "இது லண்டன் வண்டிடா, பர்மிங்ஹாம் சரக்கு" என்பார் தாத்தா. லண்டன் வேறு, பர்மிங்ஹாம் வேறு என்று அவரிடம் யார் சொல்வது? ஆனால் அவர் பேச்சில் நியாயம் இருந்தது. 1910-ல் எட்மண்ட் கிரேன் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி அது. சுதந்திரத்துக்கு முன் நம் தெருக்களில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவையே.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் ஷாப். "மணல் அடிச்சு பவுடர் கோட்டிங் போட்டா ரெண்டே நாள்ல புதுசு சார்" என்றார்கள். சரியென்று, முன்னோட்டமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். மேலே யாரோ பூசிய பச்சை பெயிண்ட், அடியில் கறுப்பு, அதில் தங்க நிற எழுத்து. நான் கவனிப்பதற்குள் பாதி எழுத்து என் கையோடு வந்துவிட்டது. அறுபது வருஷத் துரு செய்யாததை அரை மணி நேரத்தில் ஒரு இன்ஜினீயர் செய்து முடித்தான். ஊரில் ஒரு பழைய மெக்கானிக் பெரியவர் பார்த்துவிட்டு, "பெயிண்ட்டை அழிச்சிட்டு அப்புறம் யார்கிட்ட தம்பி வயசு கேப்பீங்க?" என்றார்.

அதன்பிறகு மண்ணெண்ணெயும் பழந்துணியும்தான். ஹேண்டில்பாருக்குக் கீழே இருந்த முகப்புத் தகடு மெல்ல மெல்லப் பேசியது: இந்தியத் தயாரிப்பு! ஹெர்குலிஸை 1946-லேயே வாங்கிவிட்ட இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குடும்பமும் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் முதல் ஹெர்குலிஸ் வெளிவந்தது 1951-ல். ஆக, வண்டி அதற்கு முந்தியதல்ல.

செயினில் 'டைமண்ட்' என்று இருந்தது. டி.ஐ. டைமண்ட் செயின் கம்பெனி தொடங்கியது 1960-ல். அதை வைத்து வண்டியும் 1960-க்குப் பிந்தியது என்று முடிவு கட்டியிருந்தால் ஏமாந்திருப்பேன். செயின், டயர், சீட் எல்லாம் தேய்ந்து மாறுகிற சாமான்கள். வண்டியின் வயசுக்கு பிரேம்தான் சாட்சி.

அடுத்த சாட்சி சீட் போல்ட்டில் கம்பி போட்டுக் கட்டியிருந்த பித்தளை வில்லை: 1956-57. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வருஷாவருஷம் வரி கட்டி உள்ளாட்சியில் வில்லை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்துவிடுவார்கள். கடைசிச் சாட்சி ஆயா. "உங்க பெரியத்த பொறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு இதுலதான் சோறு கொண்டாந்தாரு." அத்தை பிறந்தது 1954. தீர்ந்தது வழக்கு.

ஓவராயிலிங் மூன்று மாசம் இழுத்தது. காட்டர் பின் மூன்று ராத்திரி எண்ணெயில் ஊறித்தான் இளகியது. எல்லாம் அங்குலக் கணக்கு. நம் மில்லிமீட்டர் ஸ்பேனர் வழுக்கும். ரிம்மின் துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் போட்டு உடனே கழுவித் துடைத்து எண்ணெய் தடவினேன். முன்சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸ், பின்சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால்தானே உட்காருகிறது! பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை. மிச்சமிருக்கும் அரை எழுத்து அப்படியே இருக்கிறது.

இனி ஆயாவிடம் சொல்ல வேண்டும். தாத்தா எழுபது வருஷத்துக்கு முன் சொன்னதைப் பொய்யாக்க மனசு வரவில்லை. தயங்கித் தயங்கி, "ஆயா, இது லண்டன் வண்டி இல்ல, அம்பத்தூர்ல செஞ்சது" என்றேன்.

ஆயா கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தாள். "அம்பத்தூரா? அப்போ ரயிலுக்குக்கூட காசு குடுக்காம மிதிச்சே கொண்டாந்திருப்பாரு அந்த மனுஷன்."