ஊட்டும் கை

மோட்டார் என்ஜினில் முக்கியமானது எது என்று கேட்டால் பலரும் பிஸ்டனைத்தான் காட்டுவார்கள். நான் பெட்ரோல் பம்பைக் காட்டுவேன். சாலையோரத்துப் பம்பு அல்ல; காருக்குள்ளேயே இருந்து என்ஜினுக்குச் சோறு ஊட்டுகிற பம்பு.

1951-ல் ஜெர்மனியின் மெர்ஸிடிஸ் கம்பெனி ‘300’ என்ற கனவான் காரை அறிமுகப்படுத்தியது. சான்சலர் அடெனாயர் ஏறிய கார். மூன்று லிட்டர் என்ஜின். 115 குதிரைச் சக்தி. அதே என்ஜினைச் சாய்த்துப் பொருத்தி, கார்புரேட்டர்களை மாற்றிப் பந்தயக் காராக்கினார்கள். சக்தி சுமார் 170 ஆயிற்று. 1952-ல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களும் அதற்கே.

மேலும் சக்தி வேண்டுமென்றபோது, ஊட்டும் முறையையே மாற்றினார்கள். கார்புரேட்டர் போயிற்று, பாஷ் கம்பெனியின் பம்பு வந்தது. ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியே அளந்து, பெட்ரோலை நேரே உள்ளே பீச்சியது. 1954-ல் நியூயார்க் கண்காட்சியில், சிறகுபோல் மேலே திறக்கும் கதவுகளோடு நின்ற ‘300 எஸ்.எல்.’ காரின் சக்தி சுமார் 215!

வித்தை புதிதல்ல. 1940-ல் இங்கிலாந்தின் வானில் பறந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களில் இருந்ததுதான். அவை சட்டென்று மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தாலும் என்ஜின் தடுமாறாது. பின்தொடர்ந்து கவிழ்ந்த ஸ்பிட்ஃபயரின் என்ஜினோ, கார்புரேட்டர் கைவிட்டதால் இருமும். அந்த ஒரு விநாடி இருமலில் எதிரி தப்பிவிடுவான். உயிர் பறிக்கப் பழகிய வித்தை, பின்னால் ஒரு அழகுக் காருக்கு உயிரூட்டியது.

ஆனால் ஒரு குறை. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், என்ஜின் சுழன்று ஓயும்வரை பம்பு ஊட்டிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்றியாக வேண்டும்.

கொடுக்கத் தெரிந்த கைக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும், அல்லவா?