எர்பியம் ஒளியிழைப் பெருக்கி

எர்பியம் ஒளியிழைப் பெருக்கி என்பது ஒளியிழையில் செல்லும்போது வலுவிழந்த ஒளிக் குறிகையை, மின் குறிகையாக மாற்றாமல், ஒளியாகவே பெருக்கித் தரும் கருவி ஆகும். 1987 இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எம்மானுவேல் தெசுர்வீர் குழுவினரும் இதனைத் தனித்தனியே செய்து காட்டினர்.

தேவை

1550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியிழையின் இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் ஆகும். எனவே 100 கிலோமீட்டர் கடந்த ஒளியில் நூறில் ஒரு பங்கே எஞ்சும். கண்டங்களை இணைக்கும் கடலடி வடங்களில் குறிகையை மீண்டும் மீண்டும் பெருக்க வேண்டியுள்ளது.

செயற்படும் விதம்

இழையின் உள்ளகக் கண்ணாடியில் சிறிதளவு எர்பியம் அயனிகள் கலக்கப்படுகின்றன. 980 அல்லது 1480 நானோமீட்டர் சீரொளி இவ்வயனிகளை உயர் ஆற்றல் மட்டத்திற்கு ஏற்றுகிறது. அம்மட்டத்தில் அவை சராசரியாக 10 மில்லிநொடி அளவு தங்க வல்லவை. அப்போது வந்து சேரும் குறிகை அவற்றைத் தூண்டி, தன்னையொத்த ஒளியை உமிழச் செய்கிறது.

செயல்திறனை மேம்படுத்தல்

இரைச்சல்: தூண்டப்படாமல் தானாக உமிழப்படும் ஒளியும் பெருக்கப்பட்டு இரைச்சலாகிறது. உயர்பெருக்கத்தில் இரைச்சல் எண் 3 டெசிபெலுக்குக் கீழே செல்லாது; இது குவாண்டம் இயற்பியல் விதிக்கும் எல்லை. 980 நானோமீட்டர் ஏற்றொளி ஏறக்குறைய எல்லா அயனிகளையும் உயர்மட்டத்திற்கு ஏற்றுவதால் இவ்வெல்லையை நெருங்க உதவுகிறது. 1480 நானோமீட்டர் ஏற்றொளியில் இரைச்சல் சற்று மிகுதி. ஆனால் ஆற்றல் மாற்றுத்திறன் அதிகம். மொத்த இரைச்சலைப் பெரிதும் தீர்மானிப்பது முதற்கட்டமே. ஆகவே ஈரடுக்குப் பெருக்கிகளில் முதற்கட்டத்திற்கு 980, இரண்டாம் கட்டத்திற்கு 1480 என அமைப்பதுண்டு.

சீரான பெருக்கம்: எர்பியம் எல்லா அலைநீளங்களையும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. இரு அலைநீளங்களுக்கிடையே ஒரு பெருக்கியில் 1 டெசிபெல் வேறுபாடு இருந்தால், 50 பெருக்கிகளைக் கடந்தபின் அது 50 டெசிபெல், அதாவது ஒரு இலட்சம் மடங்கு, ஆகிவிடும். இதனைச் சமன்செய்ய வடிகட்டிகள் பயன்படுகின்றன. கண்ணாடியில் அலுமினியம் சேர்ப்பதும் பெருக்கப் பட்டையை அகலப்படுத்துகிறது.

செறிவும் நீளமும்: எர்பியம் மிகுந்தால் அயனிகள் திரண்டு, ஆற்றலைத் தமக்குள் பரிமாறி வீணாக்கும். அலுமினியம் இத்திரட்சியையும் குறைக்கிறது. இழை மிக நீண்டால் ஏற்றொளி எட்டாத கடைப்பகுதி குறிகையையே உட்கவரும்.

ஒருவழிப்படுத்தி: பின்னோக்கித் திரும்பும் ஒளி தேவையற்ற அலைவை உண்டாக்காதவாறு இது தடுக்கிறது.

கடலடிப் பெருக்கிகளுக்கு மின்சாரம் கரையிலிருந்தே வடத்தின் வழியாகச் செல்கிறது. ஆதலால் அங்கு குறைந்த மின்திறனில் குறைந்த இரைச்சலைப் பெறுவதே வடிவமைப்பின் முதன்மைச் சிக்கலாகும்.